பணிவிடையின் பாரம் யாருடையது?

பிணியாளருக்குப் பணிவிடை செய்தல் அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி கொடுத்தால் அவன் நான்கு நாளில் எழுந்து நடக்கிறான். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போட்டால் சில வாரங்களில் வேலைக்குப் போகிறான். எழுந்தவன் கைகூப்பி நன்றி கூறுகிறான். பணிவிடை செய்தவரின் களைப்பு அந்த ஒரு சொல்லில் பாதி நீங்கிவிடுகிறது. ஆனால் எழுந்து நடக்கவும் போவதில்லை, நன்றி கூறவும் அறியார், தம் பெயரையும் சொல்லார் என்னும் நிலையிலுள்ள ஒருவருக்கு இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, நாள்தோறும் செய்யும் பணிவிடைக்குப் பொருள் யாது? அப்பணியின் பாரத்தைச் சுமக்க வேண்டியவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு. மனநோய் நன்றாயிருந்தவரையும் இடையில் பற்றும். மருந்தினால் பலருக்குத் தணியும். அறிவு வளர்ச்சிக் குறைவோ பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் உடன் வருவது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிட்ட 21 வகைக் குறைபாடுகளில் இவ்விரண்டும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. குறைவு சிறிதாயின் அப்பிள்ளை பள்ளி செல்லலாம், தொழில் பழகலாம். மிகக் கடுமையாயின் உண்ணல், உடுத்தல், மலசலம் கழித்தல் ஆகிய அனைத்திற்கும் பிறர் கை வேண்டும். பலருக்குப் பேச்சு வருவதில்லை. பலருக்கு வலிப்பும் உடன் இருக்கும். இந்தக் கடைசிக் கூட்டத்தாரையே இங்குக் கருதுகிறோம்.

இதற்குக் காரணங்கள் பல. பிரசவத்தில் ஏற்படும் மூச்சுத் திணறல், பிறந்த சில நாளில் முற்றிய மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், தாய்க்கு நேர்ந்த அயோடின் குறைவு, கருவிலேயே அமைந்த மரபணு மாற்றம் ஆகியவை அவற்றுட் சில. காரணம் இன்னதென்று மருத்துவரே கூறமுடியாத பிள்ளைகளும் பலர். ஆனால் அண்டை வீட்டாருக்கு மட்டும் காரணம் உடனே தெரிந்துவிடுகிறது. முற்பிறவிப் பாவம் என்கின்றனர். தாய் செய்த வினை என்கின்றனர். மனிதர் நுகரும் வேதனை யாவும் பழவினையினின்றே வருவது என்னும் கொள்கையைப் பகவன் புத்தர் ஒப்பவில்லை என்பதைப் பௌத்தராகிய நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். மோளியசீவகன் என்னும் துறவி இதனை வினவியபோது பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாற்றம் முதலிய பிற காரணங்களையும் எடுத்துக்காட்டி, அக்கொள்கை கண்ணெதிரே காண்பதைத் தாண்டிச் செல்வது என்று மறுத்தார். ஆதலின் அப்பிள்ளையின் தாயை வினை கூறி நோகடிப்போர் பௌத்த அறத்தைப் பேசுபவர் அல்லர்.

இனி, இத்தகையோரைப் பேணும் தாதியரின் நாளைக் காண்போம். ஒரு வேளை உணவை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் ஊட்டலாகாது. நிமிர்த்தி உட்கார வைத்துத் தலை பின்னோக்கிச் சாயாமல் தாங்கிக் கொண்டு, மசித்த பருப்புச் சோற்றைச் சிறு கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். முன் கொடுத்த கவளம் தொண்டையைக் கடந்ததா என்று பார்த்தே அடுத்ததைக் கொடுக்கலாம். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலில் இறங்கும். நுரையீரலிற் சீழ் பிடிக்கும். இத்தகையோர் பலர் இறப்பது இதனாலேயே. ஒருவருக்கு அரை மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு ஒரு தாதி என்றால் ஒரு வேளை உணவுக்கே ஐந்து மணி. மூன்று வேளைக்குப் பதினைந்து மணி. நாளின் எஞ்சிய பொழுதிலன்றோ குளிப்பாட்டலும், துணி மாற்றலும், மருந்து கொடுத்தலும் நடைபெற வேண்டும்?

அவ்வளவில் நில்லாது. எழ இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் வந்துவிடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் திணிக்காமல், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்த்து நிற்றல் வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவரை அழைத்தல் வேண்டும். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்னும் நம் ஊர் வழக்கத்தை அங்கு வரும் உறவினருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லி விலக்குவதும் அவர் வேலையே. மலச்சிக்கலைக் கவனித்தல் வேண்டும். பற்களைத் துலக்குதல் வேண்டும். வயது வந்த பெண்ணாயின் மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றிச் சுத்தம் செய்தல் வேண்டும்.

இவை யாவும் உடலுழைப்பு. இவற்றினும் அரியது ஒன்றுண்டு. வாய் திறந்து சொல்லாத உடம்பின் வலியை அறிதல் அது. நேற்றுவரை அமைதியாயிருந்த பெண் இன்று தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறாள் எனின், புதிதாக வருபவர் அதனை அவளுடைய இயல்பு என்று எண்ணிக் கையைக் கட்டிவைக்க முற்படுவார். பழகிய தாதியோ காதில் சீழ் உண்டா, பல்லில் சொத்தை உண்டா, வயிறு கல்லாயிருக்கிறதா என்று பார்ப்பார். கிர்க்கியில் வாழும் தமிழ்த் தாதி ஒருவரை யாம் அறிவோம், ஓய்வு பெற்றவர். தம் விடுதியிலிருந்த ஒரு சிறுவன் வலது காதைப் பிடித்தால் பசி, இடது காதைப் பிடித்தால் நோவு என்று கண்டுகொள்ளத் தமக்கு எட்டுத் திங்கள் ஆயின என்றும், தாம் மாற்றலாகிப் போன பின்பு வந்தவருக்கு அதனைச் சொல்லிவிட்டுப் போகக் கூட நேரம் தரப்படவில்லை என்றும் அவர் கூறினார். அச்சிறுவன் அடுத்த எட்டுத் திங்கள் என்ன செய்திருப்பான் என்று அவர் இன்றும் நினைக்கிறார்.

அவர் மற்றொன்றும் கூறினார். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வெளியிலிருப்போர் எண்ணுகின்றனர், அது தவறு. யார் கை விரைந்து பிடுங்குகிறது, யார் கை வெந்நீரைத் தொட்டுப் பார்த்து ஊற்றுகிறது என்பதை அவர்கள் நன்கறிவர். ஒருவர் தொட்டால் உடம்பு விறைக்கும். மற்றொருவர் தொட்டால் தளரும். அறிவு குன்றினும் நோவும் இன்பமும் குன்றவில்லை. நன்றிச் சொல் வாராவிட்டாலும் தளர்ந்து கொடுக்கும் அவ்வுடம்பே தமக்குப் போதுமான மறுமொழியாக இருந்தது என்றார். ஆயினும் எந்நாளும் அவ்வாறிருந்ததில்லை. இரவுப் பணி முடிந்து மறுநாளும் பணி பார்க்க நேர்ந்த காலங்களில் அருவருப்பும் சினமும் தமக்குள் எழுந்ததுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வுண்மையை மறைத்துத் தாதியரைத் தெய்வம் என்று புகழ்வோரை நம்பாதீர். தெய்வத்திற்குக் களைப்பு இல்லை. ஆதலின் சம்பளமும் ஓய்வும் வேண்டாம் என்று முடிப்பதற்கே அப்புகழ் பெரும்பாலும் பயன்படுகிறது.

இங்கு விநய பிடகத்தின் மகாவக்கத்தில், சீவரங்களைப் பற்றிய பகுதியிற் கூறப்படும் நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். வயிற்றுக்கடுப்பினால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். ஆனந்தருடன் இருப்பிடங்களைச் சுற்றிவந்த பகவன் அவரைக் கண்டு, உமக்குப் பணிவிடை செய்வார் இலரோ என வினவினார். இலர் என்றார் பிக்கு. ஏன் என்று கேட்டதற்கு அவர் அளித்த விடைதான் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மற்ற பிக்குகளுக்குத் தாம் எந்த உபகாரமும் செய்பவர் அல்லர். ஆதலின் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார். பகவன் தண்ணீர் வருவித்து, தாம் ஊற்ற ஆனந்தர் கழுவ, தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்து அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டினார். உங்களைப் பேணத் தாயுமில்லை தந்தையுமில்லை, நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்னும் பொருளில் எடுத்துரைத்து, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்றார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலகாலும் மேடையிற் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் பிற்பகுதியைச் சொல்வோர் குறைவு. நோயாளியைப் பேண வேண்டியவர் யார் என்பதைப் பகவன் வரிசைப்படுத்தினார். ஆசான் இருப்பின் ஆசான். மாணாக்கர் இருப்பின் மாணாக்கர். உடனுறைவோர் இருப்பின் உடனுறைவோர். ஒருவரும் இல்லையெனின் சங்கம் முழுவதும் பேண வேண்டும். பேணாவிடில் குற்றம் சங்கத்தின்மேல் நிற்கும். அதாவது, பணிவிடையை இரக்கமுள்ள சிலரின் நல்ல மனத்திற்கு மட்டும் அவர் விட்டுவிடவில்லை. கூட்டத்தின் கடமையாக விதித்தார். எம் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. பாரம் சங்கத்தினுடையது. இன்றைய நிலையில் சங்கம் என்பது ஊரும் நாடும் அரசும் ஆகும்.

அதே இடத்தில் நோயாளியைப் பற்றியும் தாதியைப் பற்றியும் ஐந்தைந்து இலக்கணங்கள் கூறப்படுகின்றன. ஒத்ததைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், தன் நோயை உள்ளவாறு சொல்லல், வலியைப் பொறுத்தல் ஆகிய ஐந்தும் உடைய நோயாளியைப் பேணுதல் எளிது. நாம் பேசும் மக்கள் இவ்வைந்தில் ஒன்றையேனும் நிறைவாகச் செய்ய இயலாதவர். ஆகவே அவர்களைப் பேணுதல் அரிது என்பதை நம் நூலே ஒப்புக்கொள்கிறது. தாதிக்குரிய ஐந்தாவன மருந்து செய்யும் திறமை, ஒத்தது ஒவ்வாதது அறிதல், ஊதியப் பேராசையின்றி அன்பினால் செய்தல், மலம் சலம் எச்சில் வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்காமை, நல்லுரையால் மகிழ்வித்தல் என்பன. அருவருப்பை வெல்லுதல் தானே வந்துவிடும் ஒன்றாயின் அதனை இலக்கணமாக வைக்க வேண்டியதில்லை. அஃது ஒரு பயிற்சி. பயிற்சிக்கு உறக்கமும் உணவும் உடன் நிற்கும் கைகளும் வேண்டும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். சூளபந்தகர் வரலாற்றைக் கூறி, அறிவு மந்தமானவரும் உயர்வடைவர் என்று நம் பேச்சாளர் பலர் ஆறுதல் சொல்வர். நான்கு திங்களில் ஒரு பாட்டைக் கூட மனனம் செய்யமாட்டாத அவரைத் தமையனாரே வெளியேறச் சொன்னார். பகவன் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து அதனைக் கையால் தேய்க்கச் செய்தார். துணி அழுக்கானதைக் கண்டு அவர் நிலையாமையை உணர்ந்து அருகரானார். அழகிய வரலாறு, ஐயமில்லை. ஆனால் அதனை நாம் பேசும் மக்கள்மேல் ஏற்றுதல் பொருந்தாது. பந்தகர் இறுதியில் அறிவு பெற்றார். இவர்களோ ஒருநாளும் துணியின் பொருளை உணரப் போவதில்லை. உயர்வடைவர் என்பதற்காகவே பேண வேண்டும் எனின், உயர்வடையாதவரைக் கைவிடலாம் என்றாகும். வயிற்றுக்கடுப்புக் கண்ட பிக்கு எதிர்காலத்தில் என்ன ஆவார் என்று பகவன் கேட்கவில்லை. நோவு இருந்தது, தண்ணீர் வருவித்தார். அதுவே போதிய காரணம்.

இனி, சங்கம் தன் கடமையில் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நாம் வாழும் புனே மாவட்டமே ஒரு சான்று தருகிறது. சிரூரில் அறிவு வளர்ச்சி குன்றிய பெண்களுக்கென அரசு நடத்திய விடுதி ஒன்றிருந்தது. 1994-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்விடுதிப் பெண்களிற் பத்துக்கு மேற்பட்டோருக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்குக் கருப்பையில் நோய் இல்லை. மாதவிலக்கின்போது அவர்கள் தம்மைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அறியார் என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் இயக்கத்தாரும் மற்றோரும் கண்டித்து எழுந்த பின்னரே எஞ்சியோருக்குச் செய்யவிருந்த அறுவை நிறுத்தப்பட்டது. 1867-இல் தாவீது சசூன் என்னும் யூதப் பெருமகனார் பொருளுதவியால் ஏழை எளியோருக்கென எழுந்த மருத்துவமனை அது. அங்கே இது நடந்தது.

அறுவைக்குச் சார்பாக அன்று பேசப்பட்டவற்றை ஒதுக்கிவிடாமல் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். ஒன்று, விடுதியில் ஆள் குறைவு. இருப்போரால் இத்தனை பெண்களுக்குத் துணி மாற்றிச் சுத்தம் செய்ய இயலாது. இரண்டு, அப்பெண்களை எவனேனும் கெடுத்தால் கருவுறுவர். கருப்பை இல்லையேல் அவ்வச்சமில்லை. மூன்று, பெற்றோரே இதற்கு இசைகின்றனர். நடைமுறை அறியாதோரே எதிர்க்கின்றனர். இம்மூன்றையும் சொன்னவர் யாவரும் கொடியவர் அல்லர். தாதியரின் களைப்பு மெய். பெற்றோரின் அச்சமும் மெய்.

ஆயினும் முதல் வாதத்தை நோக்குங்கள். மாதவிலக்கு திங்களில் சில நாளே. மலசலம் நாள்தோறும் உண்டு. எச்சிலும் வாந்தியும் உண்டு. ஆள் குறைவென்று கருப்பையை அகற்றினால், அதே காரணத்தால் நாளை எதனை அகற்றுவர்? உணவூட்ட ஆளில்லையெனின் உணவைக் குறைப்பரோ? ஓடிப் பிடிக்க ஆளில்லையெனின் காலைக் கட்டுவரோ? இது வெறுங் கற்பனையன்று. மனநோயாளர் பற்றியதாயினும் ஏர்வாடியை இங்கு நினைவுகூர்தல் தகும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்தில் அவ்வூரிலிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் கருகினர். 28 பேர் மாண்டனர். காவல் காப்போரின் தொல்லையைக் குறைக்கவே அச்சங்கிலி இடப்பட்டது. பேணுவோரின் வசதிக்காகப் பேணப்படுவோரின் உடம்பில் கைவைக்கும் வழக்கம் ஒருமுறை ஒப்பப்பட்டால் அது நிற்குமிடம் எங்கே?

இரண்டாவது வாதம் இன்னும் கேடானது. கருப்பையை அகற்றினால் கெடுப்பவனின் கை நிற்குமா? கரு உண்டானால் குற்றம் வெளிப்படும். கருப்பை இல்லையேல் குற்றம் மறைந்துவிடும். காவலில் ஓட்டை இருக்கையில் அதனை அடைக்காமல், திருட்டின் தடயத்தை மட்டும் அழிப்பது போன்றது இது. கெடுக்கப்படுவாள் என்று அரசு விடுதியே அஞ்சுமாயின், மாற்ற வேண்டியது விடுதியின் காவலையே.

மூன்றாவது வாதத்திற்கு விடை கூறுமுன் எம் தொழில் அனுபவத்தினின்று ஒன்று சொல்ல வேண்டும். யாம் இருபது ஆண்டுக்கு மேல் பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் நின்று உழைத்தவர். ஓர் ஆள் இத்தனை கதிர்களைப் பார்க்கலாம் என்பதற்கு ஓர் அளவுண்டு. அவ்வளவில் நூல் அறுந்தால் உடனே கண்டு இணைக்கலாம். வேலைப்பளுவை உயர்த்தி அதே ஆளுக்கு இருமடங்கு கதிர்களைக் கொடுத்தால், ஒரு கோடியில் இணைத்து வருவதற்குள் மறுகோடியில் பத்து இடத்தில் அறுந்திருக்கும். மேற்பார்வையாளர் வந்து தொழிலாளியைச் சோம்பேறி என்பார். தொழிலாளியோ சில நாளில் அறுந்த நூலைப் பார்த்தும் பாராதவன் போல் நடக்கப் பழகிவிடுவான். அவன் மனம் கெட்டதால் நூல் அறுந்ததா, நூல் ஓயாது அறுந்ததால் அவன் மனம் மரத்ததா? எண்ணிக்கை மனத்தைக் கெடுக்கும் என்பதை ஆலையில் உழைத்தோர் நன்கறிவர். நாற்பது பேரை ஒரு தாதியிடம் ஒப்படைத்துவிட்டு அவரிடம் கருணை இல்லையென்று கூறுவது அந்த மேற்பார்வையாளரின் நீதியே. நூலாவது பஞ்சு, இங்கு அறுபடுவது உயிர்.

பெற்றோரின் இசைவும் அத்தகையதே. மகளை நாற்பது ஆண்டு தனியே கழுவிய தாய் தளர்ந்துபோய் ஓர் ஏட்டில் கையொப்பமிட்டால், அது விருப்பத்தின் கையொப்பமா, வேறு வழி இல்லாமையின் கையொப்பமா? எமக்குப் பின் இவளுக்கு யார் என்பதே அத்தகைய பெற்றோர் ஒவ்வொருவரின் இரவுக் கேள்வி. அதற்கு ஊர் விடை கூறாதிருக்கும் வரையில் அவர்களுடைய இசைவைக் காட்டி ஊர் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளலாகாது.

பாரம் பகிரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மராட்டிய மாநிலத்தில் சான்றுண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாயிருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27-இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி மூளை சிதைந்து உணர்விழந்தார். பிறவியில் அறிவு குன்றியவர் அல்லர் எனினும், அன்றுமுதல் அனைத்திற்கும் பிறர் கையை நாடியவரானார். அம்மருத்துவமனைத் தாதியர் அவரை 2015 மே 18-இல் அவர் இறக்கும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டு பேணினர். பல ஆண்டுகள் மசித்த உணவை வாயில் ஊட்டினர். படுக்கை தேவையென்று 1980-களில் மாநகராட்சி அவரை வெளியேற்ற முயன்றபோது போராடித் தடுத்தனர். அவருக்கு உணவூட்டலை நிறுத்துமாறு தொடுக்கப்பட்ட மனுவை உச்சநீதிமன்றம் 2011 மார்ச்சு 7-இல் தள்ளியபோது, அத்தனை ஆண்டு படுக்கையிற் கிடந்தவருக்கு ஒரு படுக்கைப் புண் கூட இல்லாமையைக் குறிப்பிட்டுத் தாதியரைப் பாராட்டியது.

அத்தாதியர் மற்றத் தாதியரைவிட இயற்கையிலேயே நல்லவரோ? அங்ஙனம் எண்ண வேண்டியதில்லை. அவர்கள் பலர், ஒருத்தி. முறை வைத்துக்கொண்டனர். மூத்தோர் ஓய்வு பெறுமுன் இளையோருக்குக் கற்றுக்கொடுத்தனர். களைத்தவர் வீடு சென்றார், களையாதவர் வந்தார். அவர்களுக்கு அவள் நம்மவள் என்னும் எண்ணமும் இருந்தது. சிரூர்ப் பெண்களுக்கு இவ்விரண்டும் இல்லாமற் போயின. கைகள் குறைவு, நம்மவர் என்னும் எண்ணம் அதனினும் குறைவு. கருணை என்பது மனத்தில் முளைப்பதாயினும் கைகளின் எண்ணிக்கையால் வளர்வது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் போதும்.

சிரூருக்குப் பின் சட்டம் சில அடி முன்னேறியுள்ளது. 1999-இல் இத்தகையோருக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. சண்டிகரில் அரசு விடுதியொன்றில் கெடுக்கப்பட்டுக் கருவுற்ற, அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றிய ஆதரவற்ற பெண்ணின் வழக்கில், அவள் விருப்பத்திற்கு மாறாகக் கருவைக் கலைக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2009-இல் தீர்த்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டமோ, மாற்றுத்திறனாளி எவருக்கும் அவர் தாமே அறிந்து தரும் இசைவின்றி மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்யலாகாது என்று விதிக்கிறது. நல்லது. ஆனால் சட்டம் கத்தியைத் தடுக்கும், துணி மாற்றாது. செய்யாதே என்பது ஏட்டில் நிற்கும். செய் என்பதற்குக் கை வேண்டும். கைக்குச் சம்பளம் வேண்டும்.

கையென்றவுடன் நம் நாட்டில் மற்றொன்றையும் பேசியாக வேண்டும். அழுக்கைத் தொடுவோரை அழுக்கென்று ஒதுக்கிய நாடு இது. இன்றும் விடுதிகளில் மருந்து கொடுப்பவர் ஒருவர், மலம் துடைப்பவர் வேறொருவர். பின்னவர் எந்தச் சேரியினின்று வருகிறார் என்று வினவினால் விடை நமக்குத் தெரியும். அவருக்கே சம்பளம் குறைவு, விடுமுறை குறைவு, பயிற்சி அறவே இல்லை. அந்தப் பெண்ணோடு நாளில் மிகுதியான நேரத்தைக் கழிப்பவர் அவரே. அவளுடைய நோவை முதலில் அறிபவரும் அவரே. ஆனால் மருத்துவர் வரும்போது அவரிடம் எவரும் கேட்பதில்லை. பகவன் தாமே தண்ணீர் ஊற்றினார். வேறு குலத்தாரை அழைத்துவரச் சொல்லவில்லை. இப்புனே மண்ணிலும் 1897-இல் கொள்ளைநோய் பரவியபோது, முண்ட்வாவில் நோய் கண்டு கிடந்த ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவனைச் சாவித்திரிபாய் புலே அம்மையார் தம் முதுகிற் சுமந்து மருத்துவ விடுதிக்குக் கொண்டுவந்தார். அந்நோயே தம்மையும் பற்ற, மார்ச்சு 10-இல் மறைந்தார். அம்மையாரின் படத்திற்கு மாலையிடும் நாம், ஆயாமாரின் சம்பள ஏட்டையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? நலம் பெறாதவருக்கும் நன்றி கூறாதவருக்கும் செய்யும் பணிவிடை வீணன்று. நோவு உள்ள இடத்தில் நோவு தணிவதே அதன் பயன், அப்பயன் அன்றன்றே கிடைத்துவிடுகிறது. அதனைச் செய்பவருக்குக் களைப்பும் அருவருப்பும் எழுதல் குற்றமன்று, மனித இயல்பு. அக்களைப்பை நோயாளியின் உடம்பைக் குறைத்துத் தீர்ப்பதே குற்றம். கைகளைக் கூட்டித் தீர்ப்பதே அறம். கைகளைக் கூட்ட வேண்டியவர் தாதியும் தாயும் அல்லர், நாம்.

ஆகவே அன்பர்காள்! உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளையுள்ள வீடு ஒன்றேனும் இருக்கும். அவ்வீட்டுத் தாய் கடைசியாக எப்போது ஒரு திருமணத்திற்குச் சென்றாள் என்று கேளுங்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அப்பிள்ளையின் அருகில் உட்காரச் சங்கத்து இளைஞர் முறை வைத்துக்கொள்ளலாம். உணவூட்டும் முறையை அத்தாயிடமே கற்கலாம். விடுதிகளுக்குப் பழமும் போர்வையும் கொண்டு செல்வோர் அவற்றைக் கொடுத்தபின் புகைப்படம் எடுத்துத் திரும்பிவிடாமல், இங்கே இரவில் எத்தனை பேருக்கு எத்தனை தாதியர், எத்தனை ஆயாமார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அவ்வெண்ணை நகராட்சி உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் சொல்லுங்கள். விடை கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். தியானத்தில் அமர்ந்து எல்லா உயிர்களுக்கும் மைத்திரியைப் பரப்புவது நன்று. அம்மைத்திரி இன்றிரவு யாரையேனும் ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்குமாயின் அதனினும் நன்று.